உங்களுக்குத் தெரியுமா? கொழும்பு அச்சுக்கூடங்களும் 19ஆம் நூற்றாண்டு அரசியலும்

வெள்ளவத்தையில் காலைத் தேநீரோடு தமிழ்ப் பத்திரிகை விரித்துப் படிக்கிறோம். நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்தில் யார் அச்சடித்தார்கள், யாருக்காக, எந்த மொழியில்? அதைத் தேடிப் போனால் கால்கள் திரும்பத் திரும்பக் கொட்டாஞ்சேனைப் பக்கமே போகின்றன.

கொழும்பில் தமிழ் முதலில் அச்சேறியது ஒல்லாந்தர் கையால்

கொழும்பில் முதல் அச்சுக்கூடம் அமைத்தவர்கள் ஒல்லாந்தர். 1737இல் ஒரு சிங்களச் செபநூல் வந்தது. சில ஆண்டுகளுக்குள் தமிழும் அச்சேறியது. 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பிலேயே வெளியானது. மொழிபெயர்த்தவர் இந்த ஊரிலேயே பிறந்த பிலிப்பு டி மெல்லோ. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் வுல்பெண்டால் தேவாலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டிருந்தது. இன்றும் உள்ளே போய்ப் பாருங்கள்: சுவர் அவ்வளவு தடிப்பு, சன்னல்கள் குகை போல உள்வாங்கி இருக்கின்றன. காலடியில் கல்லறைக் கற்கள். கோட்டையில் புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்த தேசாதிபதிகளின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

மார்ச் 15

அரசாங்க வர்த்தமானியின் முதல் இதழ் 1802 மார்ச் 15இல் வெளிவந்தது. ‘தினகரன்’ தொடங்கியது 1932 மார்ச் 15. இடையில் சரியாக 130 ஆண்டுகள்.

புனைபெயரில் எழுதிய தேசாதிபதி

1832 ஜனவரி 1இல் ‘கொழும்பு ஜேர்னல்’ தொடங்கியது. அரசாங்க அச்சகத்தில் அச்சாகி, அரசாங்க அச்சக அதிகாரி ஜோர்ஜ் லீயே ஆசிரியராக இருந்து நடத்திய பத்திரிகை. தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டன் அதில் புனைபெயர்களில் எழுதினார். அரசாங்கமே பத்திரிகை நடத்துவதை லண்டன் விரும்பவில்லை. 1833 முடிவோடு அது நின்றது.

பெப்ரவரி 4

அந்த வெற்றிடத்தைக் கொழும்பு வெள்ளைக்கார வியாபாரிகள் உடனே நிரப்பினார்கள். ‘ஒப்சேவர்’ முதல் இதழ் வந்த நாள் 1834 பெப்ரவரி 4. நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு சுதந்திரம் பெற்றது.

ஆனால் இந்தப் பத்திரிகை செய்த பெரிய காரியம் 1848இல் நடந்தது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று தேசாதிபதி டொரிங்டன் அடுக்கிக்கொண்டே போன காலம். அப்போது ஒப்சேவரை நடத்தியவர் ஐரிஷ்காரரான டொக்டர் கிறிஸ்தோபர் எலியட். அந்த ஜூலையில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற பெயரில் வரிகளை எதிர்த்து ஒரு கடிதம் அதில் வெளியானது. அது சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு ஊர்களுக்குப் போனது. அதே மாதக் கடைசியில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதிகாரிகள் பழியை எலியட் மேல் போட்டார்கள். விவகாரம் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு வரை போய், கடைசியில் பதவி இழந்தவர் டொரிங்டன்தான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதம் ஆங்கிலத்திலேயே கிடந்திருந்தால் அரசாங்கம் இவ்வளவு பதறியிருக்குமா? மொழிபெயர்ப்புதான் அதற்குக் காலும் வாயும் கொடுத்தது என்பது என் எண்ணம்.

முதல் உள்ளூர் முதலாளி

‘எக்ஸாமினர்’ பத்திரிகையை 1859இல் வாங்கியவர் சார்ள்ஸ் அம்புரோஸ் லொரென்ஸ் என்ற பறங்கியச் சட்டத்தரணியும் அவருடைய நண்பர்களும். இலங்கையர் கைக்கு வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அது. 1864இல் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து ஒன்றாகப் பதவி விலகியபோது லொரென்ஸும் அவர்களில் ஒருவர். 42 வயதிலேயே போய்விட்டார்.

ஒரே குடும்பத்து ஆசனம்

1833இல் உருவான சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்றவர் ஆறு பேர். ஐரோப்பியர் மூவர், பறங்கியர் ஒருவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர். எல்லாம் தேசாதிபதியின் நியமனம். முதல் தமிழ் உறுப்பினர் கேட் முதலியார் ஆ. குமாரசுவாமி. அவருடைய மகன் சேர் முத்து குமாரசுவாமி 1860களின் தொடக்கத்தில் அந்த ஆசனத்துக்கு வந்தார். 1879இல் அவர் இறந்ததும் மருமகன் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதன் விலகியதும் அவருடைய அண்ணன் பொ. குமாரசுவாமி, 1898 வரை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் முழுத் தமிழினத்தின் குரலும் ஒரு கொழும்புக் குடும்பத்தின் குரலாக இருந்தது.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியதும் அதே குடும்பம். பொன்னம்பல முதலியார் 1850களில் எழுப்பியதை, மகன் இராமநாதன் 1907இலிருந்து கருங்கல்லில் மாற்றிக் கட்டினார். வெயில் கொளுத்தும் நடுப்பகலிலும் அந்தக் கல் மண்டபத்துத் தூணில் கை வைத்தால் குளிரும்.

1863: பின்லாந்தும் கொழும்பும்

இதே காலத்தில் பின்லாந்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் நம் நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சி. படித்த மேல்தட்டு முழுவதும் பேசியது சுவீடிஷ். பின்னிஷ் என்பது உழவரின் மொழி. 1850இல் ரஷ்ய அரசு, சமயமும் பொருளாதாரமும் தவிர வேறெதையும் பின்னிஷில் அச்சடிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. ஆனாலும் சுவீடிஷில் எழுதிய ஸ்நெல்மன் போன்ற அறிஞர்களே, படித்தவன் தன் மக்களின் மொழிக்கு இறங்கி வர வேண்டும் என்று வாதாடினார்கள். 1863இல் பின்னிஷ் இருபது ஆண்டுகளுக்குள் ஆட்சியில் சுவீடிஷுக்குச் சமமாக வேண்டும் என்ற ஆணை கிடைத்தது. 1906இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுவீடிஷ் குடும்பப் பெயரை விட்டுப் பின்னிஷ் பெயர் வைத்துக்கொண்டன.

அதே 1863இல் முத்து குமாரசுவாமி லண்டனில் இருந்தார். இங்கிலாந்தில் பாரிஸ்டராகி, அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அங்கேயே வெளியிட்டார். தமிழின் பெருமையை ஆங்கிலேயனுக்கு எடுத்துச் சொன்ன பெரிய பணி அது, மறுக்க முடியாது. ஆனால் பயணத்தின் திசையைப் பாருங்கள். ஹெல்சிங்கியில் மேல்தட்டு மக்கள் மொழிக்குள் வந்தது. கொழும்பில் மக்கள் மொழி மேல்தட்டின் தோளில் ஏறி ஆங்கிலத்துக்குப் போனது. இங்கே தமிழில் அச்சடிக்கத் தடை ஒன்றும் இல்லை. 1839ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டது. தடையில்லாத இடத்தில் நம் பெரியவர்கள் அரசியலைத் தமிழில் எழுதாமல் விட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது.

காசிச்செட்டி

விதிவிலக்குகள் உண்டு. கற்பிட்டியில் பிறந்த கொழும்புச் செட்டியான சைமன் காசிச்செட்டி 1834இல் ஆங்கிலத்தில் ‘சிலோன் கசற்றியர்’ வெளியிட்டார். 1838இலிருந்து சட்டநிரூபண சபையில் தமிழ் உறுப்பினர். 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் இதழையும் நடத்தினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ‘உதயதாரகை’யைத் தொடங்கியிருந்தது. 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’. அது ஆங்கில நூல்.

வாக்கே இல்லாத தேர்தல்

1879இல் முத்து குமாரசுவாமியின் இடத்துக்கு இருவர் பெயர் அடிபட்டது: இராமநாதன், கிறிஸ்தோபர் பிரிட்டோ. யாருக்கும் வாக்கில்லை. ஆனாலும் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி இராமநாதனுக்காக நின்றார். தம் ஆயுளின் கடைசி ஆண்டில். பிரிட்டோ அதே ஆண்டில் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சுப் போர்

இதுதான் கதையின் மையம். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் மொழியில் உண்மையான பொது விவாதம் நடந்தது அரசியலில் அல்ல, சமயத்தில்.

மெதடிஸ்ட் மிஷன் அச்சகத்தை நடத்த 1818இல் வந்த கோகர்லி, பின்னர் பாளி படித்து, 1849இல் பௌத்தத்தை மறுத்துச் சிங்களத்தில் ‘கிறிஸ்தியானி பிரக்ஞப்தி’ எழுதினார். பதில் வர 13 ஆண்டுகள் ஆயின. காரணம், பிக்குகளிடம் அச்சு இல்லை. 1862இல் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் ஒரு சங்கம் அமைத்தார். சங்கத்தின் பெயர், அமைப்பு எல்லாம் மிஷனரிச் சங்கங்களைப் பார்த்து அமைத்தது. பிறகு துண்டுப் பிரசுரத்துக்குத் துண்டுப் பிரசுரம், இதழுக்கு இதழ்.

அந்த வாதம் 1873 ஆகஸ்டில் பாணந்துறை மேடைக்குப் போனது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்த இரண்டு நாள் விவாதத்தை ‘சிலோன் டைம்ஸ்’ ஆசிரியர் ஜோன் கேப்பர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்தப் பதிப்பு கடல் கடந்து அமெரிக்காவில் கேர்ணல் ஒல்கொட்டின் கைக்குக் கிடைத்தது. 1880 மே மாதம் அவர் காலியில் வந்து இறங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் சிங்களத்தில் ‘சரசவி சந்தரேச’ பத்திரிகை தொடங்கியது.

அச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளையிலிருந்து தீபதுத்தாராமயவுக்கு வந்த பௌத்த ஊர்வலம் புனித லூசியா பேராலயத்தருகே தாக்கப்பட்டது. உயிரும் போனது. பேராலயத்திலிருந்து விகாரைக்கு இன்று நடந்து பாருங்கள், சில நிமிட வழி. இருபது ஆண்டுகள் தாளில் நடந்த சமயச் சண்டை அன்று அந்தத் தெருவுக்கே வந்துவிட்டது.

அதன் பின் ஒல்கொட் லண்டன் வரை போய் முறையிட்டார். 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. பௌத்தக் கொடியின் வடிவம் அந்த ஏப்ரலில் ‘சரசவி சந்தரேச’வில் அச்சாகி, 28ஆம் திகதி தீபதுத்தாராமயவில் முதன்முதலாக ஏறியது. இன்று உலகெங்கும் பறக்கும் அந்தக் கொடி முதலில் பத்திரிகைத் தாளில் வந்து, பிறகே கம்பத்துக்குப் போனது.

உலகின் மிகப் பழைய மலாய்ப் பத்திரிகைகளில் ஒன்று

சிங்கப்பூரின் ‘ஜாவி பெரனாக்கான்’ 1876. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1869இல், பாபா யூனுஸ் சல்தீன் இலங்கையில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் வெளியிட்டார்.

ஆங்கிலம் தெரிந்தும் தமிழைத் தேர்ந்தவர்

கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கொழும்பின் கனவான்கள் வட்டத்தில் இடம் கிடைத்திருக்கும். அவரோ 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார். 1885இல் ‘அஸன்பே சரித்திரம்’, இலங்கையின் முதல் தமிழ் நாவல். பள்ளிக்கூடம், பெண் கல்வி என்று சமூகத்தோடு அவர் பேசியது சமூகத்தின் மொழியில். இந்தப் பத்தியில் வரும் பெரியவர்களில் என் மனதுக்கு மிக நெருங்கியவர் அவரே.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1888இல், இராமநாதன் ஆசியக் கழகத்தில் சோனகரின் இனத்தோற்றம் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை படித்தார். சோனகர் தமிழரே என்பது அவர் வாதம். சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு நடந்த நேரம் அது. 1889இல் ஆசனம் வந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் கட்டுரைக்கு மறுப்பு எழுதினார். அதுவும் ஆங்கிலத்தில்.

1897 ஜனவரி 15

மேலை நாட்டுப் பயணம் முடித்துச் சுவாமி விவேகானந்தர் முதலில் கால் வைத்த இடம் கொழும்பு. வரவேற்புரை வாசித்தவர் சட்டநிரூபண சபை உறுப்பினர் பொ. குமாரசுவாமி. 1902இல் உருவான விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் விவேகானந்த மேட்டில் இன்றும் இயங்குகிறது.

‘படித்த இலங்கையர்’

1911 டிசம்பரில் தேர்தல் மூலம் ஓர் இலங்கையர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். ஆசனத்தின் பெயரே ‘படித்த இலங்கையர்’. படித்தவர் என்றால் ஆங்கிலம் படித்தவர். நாடு முழுவதற்கும் வாக்காளர் ஏறக்குறைய 3,000 பேர். இராமநாதன், மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். வென்ற தமிழருக்கு வாக்களித்தவர்களில் சிங்களவரும் நிறைய.

அதே இராமநாதன் பின்னர் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது எதிர்த்தார். அவரைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று

பின்லாந்தில் 1906இல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை. நமக்கு 1931. அதற்கு முந்திய ஆண்டு, 1930 ஆகஸ்ட் 6இல், கொழும்பில் ‘வீரகேசரி’ முதல் இதழ் வந்தது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் கைக்குப் பத்திரிகையும் வாக்குச்சீட்டும் ஓராண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தன. 1932 மே மாதம் கொழும்பு வடக்குத் தொகுதியில், கொட்டாஞ்சேனைக்காரர் வரிசையில் நின்று வாக்களித்த இடைத்தேர்தலில், நேசம் சரவணமுத்து என்ற பெண்மணி அரசாங்க சபைக்குத் தெரிவானார்.