வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்!

போடி வீட்டுக்கு ஏற்ற தூசி எந்திரம் எது?

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். மலையில் விளையும் ஏலக்காய் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகிறது. பெண்கள் உட்கார்ந்து ரகம் பிரிக்கிறார்கள். காய் தனி, காம்பு தனி, தூசி தனி.

ஊருக்கு இன்னொரு சரக்கும் உண்டு. அது இலவம் பஞ்சு. கோடையில் இலவங்காய் வெடிக்கும். பஞ்சைப் பிரித்து மெத்தையும் தலையணையும் தைக்கிறார்கள்.

இரண்டும் ஊருக்குச் சோறு போடும் தொழில்கள்தான். ஆனால் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வந்துவிடுகிறது. சேலையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. காற்றில் மிதந்து வருகிறது. ஆனி, ஆடியில் காற்று வீசினால் தெரு மண்ணும் கூட வருகிறது.

அம்மா விளக்குமாற்றை எடுக்கிறாள். பெருக்குகிறாள். பாதித் தூசி மூலையில் குவிகிறது. மீதி? கட்டிலுக்குப் போகிறது, அலமாரிக்குப் போகிறது, பிள்ளையின் மூக்குக்கும் போகிறது. பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை!

"வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்கினால் என்ன?" என்று அப்பா கேட்கிறார். விலை சில ஆயிரம் ரூபாய். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். வாங்கிய ஆறாம் மாதமே எந்திரம் பரணில் ஏறிவிட்டால்?

தலையணை உறையில் பிறந்தது

இந்த எந்திரத்தின் கதையைக் கேளுங்கள். போடிக்காரர்களுக்குப் பிடிக்கும்.

1901-ம் ஆண்டு. லண்டன் நகரம். ஒருவர் தூசியை ஊதித் தள்ளும் எந்திரம் ஒன்றை மேடையில் காட்டினார். தூசி எழும்பியது, மறுபடி விழுந்தது. ஹூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினீயர் அதைப் பார்த்தார். "ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?" என்று நினைத்தார். ஒரு நாற்காலியின் மெத்தை மீது கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு திணறியது. ஆனால் கைக்குட்டையில் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது!

அவர் செய்த எந்திரம் குதிரை இழுக்கும் வண்டி அளவு இருந்தது. வண்டி தெருவில் நிற்கும். நீளக் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள்.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. பெயர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். அமெரிக்காவில் ஒரு கடையில் வேலை. அவருக்கு ஆஸ்துமா. பெருக்கினால் இளைப்பு வரும். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை. மின்விசிறி மோட்டார் ஒன்றை எடுத்தார். விளக்குமாற்றுக் கம்பை மாட்டினார். தூசி சேர ஒரு தலையணை உறையைக் கட்டினார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை விலைக்கு வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயர் உலகெங்கும் பரவியது.

வாட் என்பது என்ன?

நம் நாட்டில் இதை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பழக்கியது 1982-ல் தொடங்கிய யுரேகா போர்ப்ஸ் கம்பெனி. வீட்டுக்கு வரும் விற்பனையாளர்கள் மெத்தையில் எந்திரத்தை ஓட்டிக் காட்டுவது வழக்கம். வெள்ளைத் துணியில் தூசி படியும். வீட்டார் வாயைப் பிளப்பார்கள். மெத்தையில் தூசி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எந்திரம் நாள்பட உழைக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது!

"1,600 வாட்! 2,000 வாட்!" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வாட் என்பது எந்திரம் தின்னும் மின்சாரம். உறிஞ்சும் சக்தி அல்ல. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2014-ல் 1,600 வாட்டுக்கு மேல் கூடாது என்றது. 2017-ல் அதையும் குறைத்து 900 வாட் ஆக்கியது. அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. குழாயும் முனையும் நன்றாக அமைந்தால் குறைந்த வாட்டே போதும்.

மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1,200 வாட் எந்திரத்தைத் தினம் 15 நிமிடம் ஓட்டினால், மாதத்துக்கு 9 யூனிட்தான் ஆகும்.

மடியில் கொஞ்சம் பஞ்சு

கடைக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் இலவம் பஞ்சும், ஒரு பிடி ரவையும் முடிந்துகொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். தரையில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். பிறகு மூடியைத் திறந்து வடிகட்டியைப் பாருங்கள். இலவம் பஞ்சு மிகவும் லேசானது. வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். அதைக் கழற்றித் தட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? வீட்டில் பாட்டியால் கழற்ற முடியுமா? இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏன்? சாதாரண எந்திரங்களில், உள்ளே போகும் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. வடிகட்டி அடைத்தால் காற்று நிற்கும். மோட்டார் சூடாகும். பல எந்திரங்கள் வீணாவது இப்படித்தான். கம்பெனி மோசம் என்று திட்டுவார்கள். பாவம், பஞ்சு செய்த வேலை!

தூசி சேர்வது பையிலா, டப்பாவிலா? டப்பா மலிவு. திரும்பத் திரும்பக் கொட்டலாம். ஆனால் கொட்டும்போது தூசி பறக்கும். இளைப்புக்காரர் உள்ள வீட்டுக்குப் பைதான் நல்லது. தூசியோடு பையை அப்படியே கழற்றி எறியலாம். பைக்குச் செலவு உண்டு. அதை முதலிலேயே கேட்டு வையுங்கள். "ஹெப்பா" என்ற வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியாத பொடியையும் அது பிடித்து நிறுத்தும்.

பாட்டரியில் ஓடும் எந்திரம் கைக்கு லேசு. ஆனால் சில வருஷத்தில் பாட்டரி தளரும். புது பாட்டரி கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். தானே ஓடும் ரோபோ எந்திரமும் வந்திருக்கிறது. உயரமான நிலைப்படி உள்ள பழைய வீட்டில் அது ஓர் அறையிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

பழுது பார்ப்பது யார்?

ஒயர் மாட்டி ஓட்டும் எந்திரங்களில் பெரும்பாலும் மிக்சியில் உள்ளது போன்ற மோட்டார்தான் இருக்கிறது. அதில் கார்பன் தேயும். மாற்றினால் மறுபடி ஓடும். ஆகவே போடியில் மிக்சி பழுது பார்ப்பவரிடம் முதலில் போங்கள். "இந்தக் கம்பெனி எந்திரத்தைத் திறந்திருக்கிறீர்களா? சாமான் கிடைக்கிறதா?" என்று கேளுங்கள். விளம்பரத்தை விட அவர் சொல் பெரிது.

கம்பெனியின் சர்வீஸ் நிலையம் தேனியில் இருந்தால் நிம்மதி. 15 கிலோமீட்டர்தான். மதுரைக்கு அனுப்பவேண்டும் என்றால் எத்தனை நாளில் திரும்பும் என்று கேளுங்கள். போடியில் 2010 கடைசியில் நின்ற ரெயில் 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. எந்திரத்துக்கும் அந்தக் கதி வரக்கூடாது!

பில் கட்டாயம் வாங்குங்கள். உத்தரவாதத்தில் மோட்டார் மட்டுமா, குழாயும் உண்டா என்று படித்துப் பாருங்கள். தகராறு வந்தால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கிடைக்கும்.

இனி வீட்டில். உலர்ந்த தூசிக்கான எந்திரத்தில் தண்ணீரை உறிஞ்சக்கூடாது. அணையாத ஊதுவத்திச் சாம்பலும் கூடாது. மெத்தையில் ஓட்டும்போது சக்தியைக் குறைத்து வையுங்கள். தையல் விட்ட இடத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் பஞ்சையே இழுத்துவிடும்! எந்திரம் வந்துவிட்டது என்று மெத்தையை வெயிலில் போடுவதை நிறுத்த வேண்டாம். விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். பிள்ளையின் இளைப்புக்கு டாக்டர் கொடுத்த மருந்தையும் நிறுத்தக் கூடாது.

டப்பாவைக் கொல்லைப்புறத்தில், காற்று அடிக்காத நேரம் பார்த்துக் கொட்டுங்கள். அப்போது பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாம்.