வாசலில் காட்டிக்கொடுக்கும் பட்டை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கடைகளின் வாசலில் இருபுறமும் ஆளுயரத் தூண்கள் நிற்கும். பணம் கட்டிய சட்டை அவற்றைக் கடந்தால் பேசாமல் இருக்கும். கட்டாத சட்டை கடந்தால் அலறும். இரண்டையும் அவை எப்படிப் பிரித்தறிகின்றன?

1960களில் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் சூப்பர் மார்க்கெட் மேலாளராக இருந்தவர் ரான் அசாஃப். மதுப் புட்டிகளோடு ஓடிய ஒருவனைத் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. அந்த ஆற்றாமையில் பிறந்த யோசனைதான் சென்சார்மேட்டிக் என்ற நிறுவனமாக வளர்ந்தது.

பொருள்களில் ஒட்டுவதற்காக அந்நிறுவனம் 1980களில் கொண்டுவந்த பட்டை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத அந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் உலோக நாடா இறுக்கமில்லாமல் கிடக்கும். காந்தப் புலம் பட்டால் நுண்ணளவில் நீண்டு சுருங்கும் உலோகக் கலவை அது. பக்கத்தில் ஒரு காந்தத் தகடு. தூண் நொடிக்கு 58,000 அதிர்வு கொண்ட காந்தத் துடிப்பை அனுப்பிவிட்டுச் சட்டென்று நிறுத்தும். அடித்து முடித்த பிறகும் கோயில் மணி ரீங்கரிப்பதுபோல, நாடா இன்னும் சில கணம் அதிரும். அந்த இடைவெளியில் கிடைக்கும் பதிலைத் தூண் பிடித்துக்கொள்கிறது. பணம் கட்டும் மேசையில் உள்ள கருவி, தகட்டின் காந்தத்தை அழித்துவிடும். காந்தம் போனால் நாடாவின் இயல்பான அதிர்வெண் மாறிவிடும். தூணின் கேள்விக்குப் பதில் வராது.

விலை கூடிய உடைகளில் மாட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் வில்லையின் கதை வேறு. அதன் ஊசியைச் சிறு எஃகுக் குண்டுகள் கவ்வியிருக்கும்; இழுக்க இழுக்கப் பிடி இறுகும். கடையிலுள்ள வலுவான காந்தம்தான் குண்டுகளை விலக்கும். சில வில்லைகளில் மைக்குப்பியும் உண்டு. பலவந்தமாகப் பிடுங்கினால் குப்பி உடைந்து துணி பாழாகும். திருடலாம், ஆனால் உடுத்த முடியாது.

திருடர்களும் சும்மா இல்லை. பையின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி அலைகளை மறைக்கப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் திருடும் நோக்கத்தோடு அத்தகைய பையை வைத்திருப்பதே குற்றம்.

ஆனாலும் பட்டைக்குத் திருடனைத் தெரியாது. காசாளர் காந்தத்தை அழிக்க மறந்தால், முழுப் பணம் கட்டியவரைப் பார்த்தும் தூண் அலறும். பட்டை உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே அது தரும் செய்தி. அதனால் ஒலி கேட்டதும் ஊழியர் முதலில் பார்க்க வேண்டியது ரசீதை.