உழைப்பவரின் சுகம்: செலவா, சேமிப்பா?

உழைப்பவரின் உடல்நலத்துக்காகச் செலவிடும் பணம் வேலை கொடுப்பவருக்கு நட்டமா, இலாபமா? பெரிய கம்பனிகளின் அலுவலகங்களிலேயே இந்தக் கேள்வி வழமையாக எழுவதுண்டு. ஆயினும் அக்கராயன்குளத்து நீரை நம்பி ஐந்து ஏக்கர் வயல் செய்து, களை பிடுங்கப் பத்துப் பேரைக் கூப்பிடும் கமக்காரருக்கும் இது பொருத்தமான கேள்வியே. கூலிக்குப் போகும் அந்தப் பத்துப் பேருக்கோ இது வாழ்வுப் பிரச்சினையாகும். மாதச் சம்பளக்காரர் காய்ச்சலில் படுத்தால் லீவு போடுவார். நாட்கூலிக்காரர் படுத்தால் அன்றைய கூலி இல்லை. நான்கு நாள் படுத்தால் கடையில் கடன். பத்து நாள் படுத்தால் காதிலோ கழுத்திலோ கிடப்பது அடகுக்குப் போகும்.

ஆகவே, வேலைத்தலத்தில் சுகம் பேணுவதால் உண்மையில் பணம் மிச்சமாகுமா, மிச்சமாவது யாருக்கு என்ற இரு கேள்விகளையும் இங்கு ஆராய்வோம்.

அமெரிக்கா போட்ட கணக்கு

அமெரிக்காவில் தொழிலாளரின் மருத்துவக் காப்புறுதியைப் பெரும்பாலும் தொழில் வழங்குநரே ஏற்கின்றார். எனவே ஊழியர் நோயுற்றால் கம்பனியின் பணப்பை இளைக்கும். இதனால் அங்குள்ள கம்பனிகள் ஊழியருக்கு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, புகைத்தலை நிறுத்தும் வகுப்பு, இரத்தப் பரிசோதனை எனப் பல திட்டங்களை ஆரம்பித்தன. 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். இத்தகைய திட்டங்களில் ஒரு டொலர் போட்டால் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 3.27 டொலரும், வேலைக்கு வராத நாட்களின் செலவில் ஏறத்தாழ 2.73 டொலரும் மிச்சமாகும் என்றனர். இந்தக் கணக்கு உலகெங்கும் பரவியது.

ஆனால் 2019இல் வேறொரு முடிவு வந்தது. அந்த மூவருள் இருவரான கதரின் பேக்கரும் ஸிருய் சோங்கும், ஒரு பெரிய விற்பனை நிலையக் கம்பனியின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 ஊழியரிடையே ஆய்வு செய்தனர். சீட்டுக் குலுக்குவது போலச் சில கிளைகளைத் தெரிந்து, அவற்றில் மட்டும் திட்டத்தை நடத்தினர். 18 மாதங்களின் பின், தாம் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னோர் தொகை கூடியிருந்தது. இரத்த அழுத்தம், நிறை, மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் ஆகியவற்றில் கவனிக்கத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இலினோய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியரிடையே நடந்த ஆய்வும் இதே முடிவையே தந்தது.

முதற் கணக்கு ஏன் பிழைத்தது? எமது ஊர்ச் சிரமதானத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். யாரும் வற்புறுத்தாமல் முதலில் மண்வெட்டியோடு வந்து நிற்பவர் யார்? வீட்டையும் வளவையும் ஏற்கெனவே துப்புரவாக வைத்திருப்பவரே. சிரமதானத்துக்கு வந்தவரின் வளவையும் வராதவரின் வளவையும் ஒப்பிட்டு, வந்ததனாற்றான் துப்புரவு ஏற்பட்டது என்று சொன்னால் அது சரியாகாது. அவ்வாறே சுகநலத் திட்டங்களில் விரும்பிச் சேர்ந்தோர் பலர் முன்னரே சுகதேகிகளாக இருந்தவர்கள்.

அப்படியானால் வேலைத்தலத்தில் சுகம் பேணுவது வீண்செலவா? இல்லை. இத்திட்டங்கள் தொழிலாளரிடம், "நீ உன்னை மாற்றிக்கொள்" என்று கேட்டன. வேலையின் தன்மையையோ வேலைத்தலத்தையோ அவை தொடவில்லை. அவற்றைத் தொட்ட முயற்சிகளின் வரலாறு வேறு. அதற்கு எமது நாட்டின் தேயிலைத் தோட்டங்களிலேயே பாடம் உண்டு.

தோட்டத்தில் கற்ற பாடம்

1916இல் ராக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தனர். வெறுங்காலால் மண்ணிலிருந்து உடலுக்குள் நுழையும் இப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. மனிதன் வெளிறி, மூச்சு வாங்கி, வேலை செய்ய இயலாதவன் ஆகின்றான். மருந்து கொடுத்ததும் ஆட்கள் தேறினர். ஆனால் போதிய மலசலகூடங்கள் கட்டப்படாத இடங்களில் அதே ஆட்களுக்கு மீண்டும் புழு ஏறியது. மருந்துச் செலவை ஏற்ற தோட்ட நிர்வாகங்கள் பல, மலசலகூடச் செலவுக்குத் தயங்கின. நோயின் ஊற்றை அடைக்காது நோயாளியை மட்டும் பார்த்தால், செலவு ஆண்டுதோறும் திரும்பி வரும் என்பதை இது காட்டிற்று.

1979இல் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. இரத்தச்சோகை கடுமையாக இருந்த பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை கூடியது. அதே ஆண்டு வெளியான இந்தோனேசிய ஆய்வு ஒன்றில், இரத்தச்சோகையுள்ள றப்பர் பால்வெட்டும் தொழிலாளருக்கு 60 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது. அவர்களுடைய வேலைத்திறன் சோகை இல்லாதவரின் அளவை நெருங்கியது. செலவழித்த ஒவ்வொரு பங்குக்கும் 260 பங்கு பயன் கிடைத்ததென ஆய்வாளர் கணித்தனர். மாத்திரை அத்துணை மலிவானது.

எனவே சோம்பல் என்று நாம் ஏசுவது பல வேளைகளில் இரத்தக் குறைவாகும். மத்தியானத்துக்குள் வரம்பில் குந்திவிடும் பெண்ணை நோக்கி, "கூலி வாங்கத் தெரியும், வேலை செய்யத் தெரியாதோ?" என்று கேட்பதற்கு முன், அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது நல்லது.

வெயிலும் தண்ணீரும்

வன்னி வயலில் வேலை செய்பவரின் பெரும் எதிரி வெயில். சிறுபோகக் காலத்து வெயிலில் உடல் வியர்வையாக இழக்கும் நீரை ஈடுசெய்யாவிட்டால் தலைசுற்றும், தசை இழுக்கும், கடுமையானால் உயிருக்கே ஆபத்தாகும். இது நாள்தோறும் தொடர்ந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படும். 1990களில் வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுகின்றது. குடிநீர், விவசாய இரசாயனங்கள், வெயில் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன.

மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதை ஒத்த நோய் பல தொழிலாளரைப் பலி கொண்டது. அங்கு எல் சல்வடோரில் 2014-15 அறுவடையின்போது ஒரு சிறு முயற்சி நடந்தது. கரும்பு வெட்டுவோருக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, இடம் மாற்றக்கூடிய நிழற்பந்தல், நேரம் குறித்த ஓய்வு, திருத்திய வெட்டுக்கத்தி ஆகியன வழங்கப்பட்டன. ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் ஒருவர் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 தொன்னிலிருந்து 7.3 தொன்னாக உயர்ந்தது. நிக்கராகுவாவின் ஒரு சீனி ஆலைத் தோட்டத்தில் ஓய்வையும் நிழலையும் மேலும் கூட்டியபோது, ஓர் அறுவடைக் காலத்துள் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளான கரும்பு வெட்டுவோர் 100க்கு 27 பேரிலிருந்து 7 பேராகக் குறைந்தனர்.

நீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை. வேலை கொடுப்பவரின் மனம் தேவை.

எங்கள் ஊரில் மிச்சம் யாருக்கு?

அமெரிக்கக் கணக்கை நாம் அப்படியே இங்கு போட முடியாது. இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது எமது மக்களின் பெரும் பாக்கியம். ஆனால் இதனால் ஒரு விளைவும் உண்டு. கூலியாள் நோயுற்றால் வயற்காரருக்குச் செலவில்லை. அடுத்த நாள் வேறொருவரைக் கூப்பிடுவார். மருந்துச் செலவு அரசாங்கத்துக்கு. கூலி இழப்பு, பஸ் செலவு, கடன், பிள்ளையின் பள்ளிக்கூட நாள் இவை யாவும் நோயாளியின் குடும்பத்துக்கு. நோயைத் தடுக்கக்கூடியவர் நட்டத்தைச் சுமப்பதில்லை. நட்டத்தைச் சுமப்பவருக்கோ நோயைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

இந்தியாவில் தொழிலாளர் அரச காப்புறுதித் திட்டத்தின்படி தொழில் வழங்குநரும் தொழிலாளரும் பணம் செலுத்துகின்றனர். நோய் நாட்களில் சம்பளத்தின் ஒரு பகுதி தொழிலாளருக்குக் கிடைக்கின்றது. எமது தனியார் துறையில் அத்தகைய பொதுவான நோய்க்காலக் காப்புறுதி இல்லை. எனினும் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் எமது இளையோர் அறிந்திருக்க வேண்டிய உரிமைகள் சில உள்ளன.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் வழங்குநரால் 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். குறித்த நிபந்தனைகளை நிறைவு செய்த ஒருவர், ஓய்வு வயதுக்கு முன்னரே தம் மீதியில் 30 வீதம் வரை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் தம் பணத்தில் 3 வீதம் செலுத்த வேண்டும். இதனை ஊழியரின் சம்பளத்தில் வெட்ட முடியாது. இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்தல், நிரந்தர அங்கவீனம் போன்றவற்றுக்கு இந்நிதியம் உதவுகின்றது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் சுகயீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக வருடத்தில் 7 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. வேலையின்போது விபத்து நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் துணை நிற்கும். இவற்றைப் பெறுவதற்கு முதற்படி, எம் பெயரில் பணம் செலுத்தப்படுகின்றதா என்று கேட்டு அறிவது.

நாட்கூலிக்குச் செல்வோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. ஆகவே ஊர் தானே தன் பாதுகாப்பை உண்டாக்க வேண்டியுள்ளது.

நாம் செய்யக்கூடியவை

1. தண்ணீர்: கமக்காரர் அமைப்பு கூடிப் போக வேலைகளைத் தீர்மானிக்கும்போது, வேலை கொடுப்பவரே சுத்தமான குடிநீரை வயலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் ஒரு தீர்மானமாக்கலாம். கடும் வெயிலில் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை நீர் அருந்துவது நல்லது. தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

2. நிழலும் நேரமும்: மரமில்லாத வயலில் நான்கு தடியும் ஒரு தறப்பாளும் போதும். விடியப்புறம் வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலில் நிறுத்தி, பின்னேரம் தொடர்வது எமது மூத்தோர் அறிந்த முறையே.

3. வலிமாத்திரை: உடம்பு நோவுக்கென டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகளை வைத்தியரின் ஆலோசனையின்றி வாங்கி விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குவோர் உளர். உடலில் நீர் வற்றியுள்ளபோது இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

4. எலிக்காய்ச்சல்: சேற்று வயலில் இறங்குவோருக்கு இது பேராபத்து. 2024 டிசம்பரில் யாழ் மாவட்டத்தில் இந்நோயால் உயிர்கள் பலியாகின. ஆபத்துள்ளோருக்குத் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இலவசமாக வழங்குகின்றது. விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்று கேட்டறிய வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு நாளும் தாமதியாது அக்கராயன்குளம் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

5. இரத்தம்: மாதர் சங்கங்கள் குடும்பநல உத்தியோகத்தருடன் பேசிப் பெண்களின் இரத்த அளவைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்யலாம். முருங்கையிலை, கீரை, பயறு, நெத்தலி, தேசிக்காய் இவை எமது சந்தையில் கிடைப்பவை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

6. நோய்நாள் நிதி: எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. மாதாமாதம் சிறு தொகை சேர்த்து, ஒருவர் இறந்தால் அவரைக் கௌரவமாக அடக்கம் செய்ய உதவுகின்றோம். இறந்தவரைச் சுமக்க ஒன்று சேரத் தெரிந்த எமக்கு, அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் ஒன்று சேர ஏன் இயலாது? அதே சங்கத்தில் இன்னொரு சிறு தொகை சேர்த்து, வைத்தியசாலைத் துண்டுடன் வருபவருக்குச் சில நாட்களின் அரைக் கூலியேனும் கொடுக்கலாம். கூலிக்கு ஆள் வைக்கும் கமக்காரரும் ஒவ்வொரு போகமும் இந்நிதிக்கு ஒரு பங்கு கொடுப்பது நீதியாகும்.

ஒரு சிறு கணக்கு

நாட்கூலி 2,500 ரூபா என வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் ஒரு போகத்தில் நான்கு நாள் சுகயீனத்தால் இழந்தால், குழுவின் இழப்பு 100,000 ரூபா. தறப்பாள், தண்ணீர்க் கலன், குவளைகள் ஆகியவற்றின் விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு எழுதிப் பாருங்கள். நான்கு நாளில் ஒரு நாளை மட்டும் காப்பாற்றினாலும் 25,000 ரூபா குடும்பங்களிடம் தங்கும். களை பிடுங்குவது பிந்தாததால் வயற்காரருக்கும் விளைச்சலில் பயன் உண்டு.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

• கடந்த போகத்தில் எமது ஊரில் சுகயீனத்தால் எத்தனை வேலைநாட்கள் இழக்கப்பட்டன? அந்த இழப்பை யார் சுமந்தனர்?

• மேற்கூறிய ஆறில், வெளியார் உதவியின்றி வரும் போகத்திலேயே தொடங்கக்கூடியது எது?

• நோய்நாள் நிதிக்குக் கூலியாள் எவ்வளவு, வயற்காரர் எவ்வளவு கொடுப்பது நியாயம்?