ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் கடைகளைப் படியுங்கள்!

மேற்படிப்பிற்காக ஜெர்மனி செல்பவர்கள் பல்கலைக் கழகம், விசா, தங்கும் அறை எனப் பல விஷயங்களை மாதக் கணக்கில் இன்டர்நெட்டில் தேடுகின்றனர். ஆனால், போய் இறங்கிய நாள் முதல் தினமும் ஏறி இறங்கப் போகும் கடைகள் குறித்து யாரும் தேடுவதில்லை. இதில் பணம் சம்பந்தப்பட்டுள்ளது. மாணவர் விசா பெற, ஓராண்டுச் செலவிற்கான தொகையைத் தனிக் கணக்கு ஒன்றில் முன்னதாகவே செலுத்திக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். வாடகையும் மருத்துவ இன்சூரன்ஸும் போக எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் என்றால் ஒவ்வொரு யூரோவும் உறுத்தும்.

எடுத்துக்காட்டாக ஆகன் நகரைப் பார்ப்போம். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைகளை ஒட்டி உள்ள ஊர். இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தைத் தேடி நம் மாணவர்கள் பலர் செல்கின்றனர்.

கிளம்பும் முன்னர் மொபைல் போனில் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஊரின் மேப்பை ஆப்லைனில் பயன்படுத்தும் வகையில் டவுண்லோட் செய்திடுங்கள். மொழிபெயர்ப்பு அப்ளிகேஷனில் ஜெர்மன் மொழித் தொகுப்பையும் இறக்கிக் கொள்ளுங்கள். ஏன் இந்த அவசரம் என்கிறீர்களா? அங்கு ஆல்டி, லிடில் போன்ற மளிகைக் கடைகளிலேயே சிம் கார்டு விற்கிறார்கள். ஆனால், 2017 முதல் ப்ரீபெய்ட் சிம்மிற்கும் அடையாளச் சோதனை கட்டாயம். வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டியோ, தபால் அலுவலகம் சென்றோ இதனை முடிக்க வேண்டும். அதுவரை டேட்டா இருக்காது. அந்த நேரத்தில்தான் கடை எங்கே என்று தேடிக் கொண்டிருப்பீர்கள்.

ஆல்டி என்றதும் ஒரு பழைய செய்தி நினைவிற்கு வருகிறது. 1990களின் பிற்பகுதியில் இந்த மளிகைக் கடையில் மெடியான் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தபோது, மக்கள் காலையிலேயே கடை வாசலில் வரிசை கட்டினர். அரிசி வாங்கப் போன இடத்தில் பிசியும் வாங்கி வந்த காலம்!

ஞாயிற்றுக்கிழமை உஷார்

ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். 1919ல் வந்த வைமர் அரசியல் சட்டத்தின் 139 ஆவது பிரிவு ஞாயிறை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது. 1949ல் வந்த இன்றைய அரசியல் சட்டமும் அதனை அப்படியே ஏற்றுக் கொண்டுள்ளது. ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், சில மணி நேரம் பேக்கரிகள் ஆகியவையே கை கொடுக்கும். அக்டோபர் 3 நாடு முழுவதும் விடுமுறை. குளிர்காலப் பருவத்திற்கு நம் மாணவர்கள் போய்ச் சேருவதும் அந்த நாட்களில்தான். 2026 காலண்டரைப் பாருங்கள். அக்டோபர் 3 சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. வெள்ளிக்கிழமை இரவே அரிசி, பால், ரொட்டி வாங்கி வைக்காதவர் இரண்டு நாட்கள் பேக்கரி பன்னில்தான் காலம் தள்ள வேண்டும்.

ஆகன் மாணவர்களுக்கு மட்டும் இதற்கு ஒரு வழி உண்டு. சில கிலோ மீட்டர் தூரத்தில் நெதர்லாந்தின் வால்ஸ் ஊர் உள்ளது. நகர பஸ்ஸிலேயே போகலாம். அங்கு சூப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறந்திருக்கும். ஆனால், அங்கு வாங்கிய குளிர்பான பாட்டிலை ஆகனில் திருப்பித் தர முடியாது. காரணம் சுவையானது.

ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொன்றிற்கும் 25 சென்ட் முன்பணம் வாங்குகின்றனர். இதனை "பாண்ட்" என்பார்கள். காலி பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினில் போட்டால், அது சுழற்றிப் பார்த்து பார்கோடைப் படிக்கிறது. அத்துடன், தனி மையில் அச்சிட்ட ஒரு முத்திரையையும் இன்ஃப்ராரெட் ஒளியில் சோதிக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால்தான் ரசீது வரும். அதைக் கேஷியரிடம் தந்தால் பில்லில் கழித்துக் கொள்வார், பணமாகவும் வாங்கலாம். நெதர்லாந்து பாட்டிலில் இந்த முத்திரை இல்லை. எனவே மெஷின் அதைத் துப்பிவிடும். பாட்டிலை நசுக்காதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். நாற்பது பாட்டில் என்றால் பத்து யூரோ!

மருந்து விஷயத்திலும் கவனம் தேவை. "ட்ரோகரி" என்ற போர்டைப் பார்த்து மருந்துக் கடை என நினைக்க வேண்டாம். டி.எம்., ராஸ்மன் போன்ற இக்கடைகளில் சோப்பு, ஷாம்பு கிடைக்கும். நம் ஊர்ப் பெட்டிக் கடையில் கூடக் கிடைக்கும் பாராசிட்டமால் அங்கு "அபொதேகே" என்னும் மருந்தகத்தில் மட்டுமே கிடைக்கும்.

லேப்டாப் எங்கே வாங்குவது?

நம் வாசகர்கள் அதிகம் கேட்கக் கூடிய கேள்வி இது. என்னைக் கேட்டால், இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள் என்பேன். காரணம், அங்கு விற்கும் லேப்டாப்களின் கீ போர்ட். ஒய் இருக்கும் இடத்தில் இசட் இருக்கும். புரோகிராம் எழுதுபவருக்கு நொடிக்கு நொடி தேவைப்படும் அடைப்புக் குறிகள் வலது பக்க ஆல்ட் கீயுடன் 7, 8, 9, 0 கீகளில் உள்ளன. விண்டோஸில் அமைப்பை மாற்றலாம். கீயின் மேல் அச்சிட்ட எழுத்தை மாற்ற முடியாது. பாராமல் டைப் செய்பவருக்கு இது பிரச்னை இல்லை.

மின்சாரம் அங்கும் 230 வோல்ட்தான். ஆனால், நம் மூன்று பின் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. இதற்காக ட்ராவல் அடாப்டர் வாங்கித் தொங்கவிட வேண்டியதில்லை. பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்களில் சுவரிலிருந்து வரும் வயர் தனியாகக் கழன்று வரும். அந்த வயரை மட்டும் அங்கு வாங்கி மாட்டினால் போதும். முனையில் மூன்று வட்டங்கள் சேர்ந்த வடிவில் இருந்தால் "க்ளேபிளாட்" வயர் எனக் கேளுங்கள். தீவன இலை ஒன்றின் பெயர் அது.

அங்கேதான் வாங்க வேண்டும் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். கடையில் நேரில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு என்பது நம் ஊர் எண்ணம். அங்கு சட்டம் வேறு மாதிரி. கடையில் வாங்கிய நல்ல பொருளை, பிடிக்கவில்லை என்று திருப்பித் தரச் சட்டப்படி உரிமை இல்லை. கடைக்காரர் மனது வைத்தால் உண்டு. ஆன்லைனில் நிறுவனத்திடம் வாங்கினால், காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பலாம். எங்கு வாங்கினாலும், புதிய பொருளில் குறை இருந்தால் விற்றவர் இரண்டு ஆண்டுகள் பொறுப்பு. 2022 ஜனவரி முதல் செய்த விற்பனைகளில், முதல் 12 மாதங்களில் தெரியும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. தனி நபரிடம் பழைய லேப்டாப் வாங்கினால் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் விளம்பரத்திலேயே அதை விலக்கி எழுதிவிடுவார்கள். நேரில் சென்று, ஆன் செய்து, பேட்டரியைச் சோதித்த பின்னரே பணம் கொடுங்கள்.

இரண்டு ஆண்டு உரிமையைக் கேட்கப் போகும்போது கையில் பில் வேண்டும். அங்கு தரும் பில்களில் பல தெர்மல் காகிதம். சில மாதங்களில் எழுத்து மங்கி வெற்றுத் தாளாகிவிடும். எனவே, கடையை விட்டு வெளியே வருவதற்குள் மொபைல் போனில் ஒரு போட்டோ எடுத்து உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.