வண்டி ஏன் உதறுது? - ஒரு மிஸ்ஃபயர் புராணம்

ஆராய்ச்சி, அசைன்மென்ட்னு ஓடிட்டு இருந்ததுல இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு கொஞ்சம் க்ரீஸ் வாசனையோட ஒரு பதிவு. கார் இல்லாதவங்களும் படிக்கலாம், காசா பணமா :-)

ஊர்ல 'வண்டி மிஸ்ஸாகுதுப்பா'ன்னு சொல்லுவோமே, அதேதான் மிஸ்ஃபயர். இன்ஜின் சிலிண்டருக்குள்ள மூணு விஷயம் ஒண்ணா நடக்கணும். பெட்ரோலும் காத்தும் சரியான அளவுல கலக்கணும், அது நல்லா அமுங்கணும், சரியான நொடியில பொறி விழணும். மூணுல ஒண்ணு சொதப்பினாலும் அந்தத் தடவை அந்த சிலிண்டர் வேலை செய்யாது. வண்டி நின்ன இடத்துல நிமிஷத்துக்கு 700 சுத்து ஓடுதுன்னு வைங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைங்கற கணக்குல ஒவ்வொரு சிலிண்டரும் 350 தடவை எரியணும். நாலு பேர் தூக்குற பல்லக்குல ஒருத்தர் மட்டும் அப்பப்ப தோளை எடுத்துட்டா எப்படி இருக்கும்? அதான் அந்த உதறல்.

இனி நம்ம கதைக்கு வருவோம். இங்க மிச்சிகன்ல எங்க பக்கத்து அப்பார்ட்மென்ட்ல ஒரு தமிழ்க் குடும்பம். அண்ணன் பல்கலைக்கழகத்துல போஸ்ட்டாக், ஒத்தைச் சம்பளம். அண்ணிக்கு நிறைமாசம். ஆஸ்பத்திரி 22 மைல் தூரம், வெளிய பனி கொட்டுது. இருக்கறது ஒரே ஒரு பழைய நாலு சிலிண்டர் கார். அது மேடு ஏறும்போது குலுங்க ஆரம்பிச்சது. 'செக் இன்ஜின்' விளக்கு கொஞ்ச நேரம் விட்டு விட்டு மின்னிட்டு, அப்புறம் நிலையா நின்னுடுச்சு.

அந்த விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை. சும்மா எரிஞ்சா 'சீக்கிரம் பாருப்பா'ன்னு அர்த்தம். மின்னினா 'ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு, ஓரங்கட்டு'ன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்க இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரியும். உள்ள இருக்கற பீங்கான் சூடு தாங்காம உருகிடும். புதுசு மாத்த பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். அண்ணன் உடனே வண்டியை நிறுத்தினாரு. அதுலயே பாதி காசு மிச்சம்.

ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டாரு. நாலு காயில், நாலு ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் சுத்தம் பண்றதுன்னு எல்லாம் சேர்த்து 900 டாலர்னு சொன்னாங்க. ஏமாத்தறாங்கன்னு சொல்ல மாட்டேன். இங்க மணிக்கணக்குல கூலி, தேடற நேரத்துக்கு மொத்தமா மாத்தறது அவங்களுக்குச் சுலபம். ஆனா குழந்தை வரப்போற வீட்டுல 900 டாலர்ங்கறது சின்னத் தொகையா? "தம்பி, நீ கொஞ்சம் பாரேன்டா"ன்னாரு.

அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லா கார்லயும் ஸ்டீயரிங்குக்குக் கீழ ஓபிடி-2னு ஒரு சாக்கெட் உண்டு. கையடக்க ரீடர் ஒண்ணு 20 டாலருக்கே கிடைக்குது. சொருகினா பி0303னு வந்துச்சு. பி0300னா 'எங்கன்னு தெரியலை, பொதுவா மிஸ் ஆகுது'. கடைசி எண் 1, 2, 3, 4னு இருந்தா அந்த சிலிண்டர். ஆக மூணாம் சிலிண்டர். கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வொரு எரிப்புக்கும் கொஞ்சம் வேகம் எடுக்கணும், எடுக்காத இடத்தை சென்சார் கண்டுபிடிச்சுடுது.

கவனிங்க, கோட் 'எந்த சிலிண்டர்'னுதான் சொல்லும், 'ஏன்'னு சொல்லாது. இதை மறந்துட்டுத்தான் பலரும் கடைக்கு ஓடறது.

ஊர்ல ஷெட்ல அந்தக் காலத்து மெக்கானிக் என்ன பண்ணுவாரு? இன்ஜினை ஓட விட்டு ஒவ்வொரு பிளக் வயரா புடுங்குவாரு. எதைப் புடுங்கினா சத்தம் மாறலையோ, அதான் செத்த சிலிண்டர். (இந்தக் காலத்து காயில்ல அப்படிப் பண்ணாதீங்க, பல ஆயிரம் வோல்ட், கையும் போகும் காயிலும் போகும்.) இப்ப அதே புத்திதான், முறை மட்டும் வேற. இன்ஜினை அணைச்சு ஆற விட்டு, 10 நம்பர் ஸ்பானர் எடுத்து, மூணாம் காயிலை ரெண்டுலயும் ரெண்டாம் காயிலை மூணுலயும் மாத்திப் போட்டோம். கோடை அழிச்சுட்டு நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் ஓட விட்டோம். பி0302! கோளாறு காயிலோடவே நடந்து போயிடுச்சு. ஆக காயில்தான். செலவு, சுழியம்.

இங்கயே நிறுத்தியிருந்தா மூணு மாசத்துல புதுக் காயிலும் செத்திருக்கும். மூணாம் குழிக்குள்ள டார்ச் அடிச்சா, பிளக்கைச் சுத்தி இன்ஜின் ஆயில் தேங்கி நிக்குது. மேல வால்வ் கவர்ல இருக்கற ரப்பர் சீல் காஞ்சு போய் கசிஞ்சிருக்கு. காயிலோட ரப்பர் ஆயில்ல ஊறி உப்பி, பொறி பிளக்குக்குப் போகாம ஓரமா கசிஞ்சிருக்கு. காயில் செத்தது விளைவு, சீல் கசிஞ்சதுதான் காரணம்.

கணக்கு இதோ: காயில் ஒண்ணு 55 டாலர், சீலோட சேர்ந்த வால்வ் கவர் கேஸ்கெட் 40, பிளக் நாலு 36. ஆக 131 டாலரும் ஒரு சனிக்கிழமையும்.

நீங்களும் இறங்கறதா இருந்தா சில குறிப்புகள்:

1. பிளக்கைக் கழட்டும் முன்னாடி குழியில இருக்கற ஆயிலைத் துணியால ஒத்தி எடுங்க. இல்லைன்னா மொத்தமும் சிலிண்டருக்குள்ள இறங்கும்.

2. இன்ஜின் ஆறின பிறகுதான் பிளக்கைத் தொடணும். புதுசைக் கையாலயே சுத்தி ஏத்துங்க. அலுமினிய மரை, கோணலா ஏறினா போச்சு. கடைசி இறுக்கத்துக்கு மேனுவல்ல போட்டிருக்கற டார்க் அளவு.

3. கழட்டின பிளக்கைப் பாருங்க, அது ஒரு ஜாதகம். லேசான பழுப்புன்னா நலம். காஞ்ச கரின்னா பெட்ரோல் அதிகம். நுனியில ஆயில் பிசுக்குன்னா சிலிண்டருக்குள்ள ஆயில் போகுது.

4. காயிலை மாத்தியும் கோட் நகரலையா? அடுத்து பிளக்கை மாத்திப் போட்டுப் பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர். எதுக்கும் நகரலைன்னா கம்ப்ரஷன் டெஸ்ட். அது குறைவா வந்தா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, அது நம்ம வேலை இல்லை.

5. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலையும் சேர்த்து மாத்தினா வண்டி ஓடும், எதனால ஓடுதுன்னு தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு அதே வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பையன். தாயும் சேயும் நலம்.

படிக்க வந்த இடத்துல புரொபசர் சொல்ற 'ஒரு நேரத்துல ஒரு மாறி'ங்கறது ஆய்வகத்துக்கு மட்டும் இல்லை மக்களே. கோளாறை முதல்ல நகர்த்திப் பாருங்க, அப்புறம் காசை நகர்த்துங்க. உங்க வண்டி சோகக் கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க, கூடி அழுவோம் :-)