கண்ணை மறைத்து விலகும் திரை



ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் பார்வை மறைகிறது. வலி இல்லை. சில நிமிடங்களில் திரை விலகி எல்லாம் முன்போலத் தெரிகிறது. தானே சரியாகிவிட்டதென்று பலர் எங்களிடம் வருவதே இல்லை. வருகிறவர்களும் கண்ணாடியை மாற்றவேண்டுமா என்றே கேட்கிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் கண்ணில் அல்ல, கழுத்தில் இருக்கிறது.

கழுத்தின் இருபுறமும் மேலேறும் பெரிய இரத்தக் குழாய்களிலிருந்தே கண்ணுக்கும் மூளைக்கும் இரத்தம் போகிறது. குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்திருந்தால், அங்கிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்துபோய் விழித்திரையின் குழாயை அடைக்கும். அது நகர்ந்ததும் பார்வை திரும்பும். இப்படிப் பார்வை மறைந்த ஒருவரின் கண்ணுக்குள் கருவி வைத்து நோக்கிய டாக்டர் மில்லர் ஃபிஷர், வெண்ணிறத் துணுக்குகள் மெல்ல நகர்ந்து செல்வதைக் கண்டு 1959-ல் எழுதினார். அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். முதல் சில நாட்களில் அந்த ஆபத்து மிக அதிகம்.

ஆகவே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பார்த்து, கழுத்தில் ஸ்கேன் எடுப்பார்கள். ஆஸ்பிரின் போன்ற மருந்தைத் தாங்களாகவே வாங்கிப் போடவேண்டாம். குழாய் மிகவும் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சை உண்டு.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலியும், மெல்லும்போது தாடைவலியும் சேர்ந்திருந்தால் அது வேறொரு நோயாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து தாமதமானால் பார்வை திரும்பாமலே போகலாம்.

உங்கள் சபையில் பெரியவர் யாராவது இப்படிச் சொன்னால், எந்தக் கண், எத்தனை நிமிடம் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.