ரெயில் வராத ஸ்டேஷன்கள்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால், போடிநாயக்கனூருக்கு அப்பால் சமவெளி முடிந்து மலை சுவர்போல் எழுகிறது. அம்மலையின் உச்சியில் ஓர் ஊர். பெயர் டாப் ஸ்டேஷன். சரிவின் நடுவே ஒரு சிற்றூர். பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். இவ்விரண்டிலும் இன்று ரெயில் இல்லை. பின்னர் இப்பெயர்கள் எவ்வாறு வந்தன?

காரணம் தேயிலை. மூணாற்றில் விளைந்த தேயிலை தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. அதற்காக 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தனர். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின்மேல் உருளும். பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் ஊன்றிச் சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகளே! 1908-இல் இரண்டடி அகல இருப்புப்பாதை அதன் இடத்தைப் பெற்றது.

உச்சிக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு அடிவாரத்துக் கோட்டகுடிக்கு இறங்கின. அவ்விடமே ‘பாட்டம் ஸ்டேஷன்’. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அதன்பின் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைரோடு நிலையம், சென்று தூத்துக்குடிக்கு ரெயிலேறின. மலையுச்சியில் ரெயில், சமவெளியில் மாட்டுவண்டி என்னும் தலைகீழ் ஏற்பாடு இது.

1924 ஜூலையில் பெருமழை கொட்டியது. மலையாள ஆண்டு 1099 ஆதலால், கேரள மக்கள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். மலைப்பாதை அழிந்தது, அதை மீண்டும் அமைக்கவில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டதோ 1928-இல். நான்கே ஆண்டு இடைவெளியில் இரு ரெயில்களும் ஒன்றையொன்று காணாமற் போயின.

போடிப் பாதையும் இன்னல்களுக்குத் தப்பவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தனர். 1950-களில் மீண்டும் இட்டனர். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில் மறுபடியும் போடிக்கு ரெயில் வந்தது. மக்களும் பலவகைச் சரக்கும் நாடிய பாதைக்கு மறுவாழ்வு கிட்டியது. ஒரே சரக்கை நம்பிய மலைப்பாதைக்கு, வேறு சாலை கிடைத்தபின் தேவை எஞ்சவில்லை என்றே கருதத் தோன்றுகிறது.

டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்தின் சிதைவுகள் உள்ளன. தேனிச் சமவெளியை உயரத்திலிருந்து காணவும், பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைப் பார்க்கவும் மக்கள் அங்கே செல்கின்றனர். மூணாற்று நிலையத்தின் கட்டடம் மட்டும் பாழாகவில்லை. அது தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. ரெயில் போனபின்பும் தேயிலை வேலையே அங்கு தொடர்ந்தது.